தனியாளா, எல்எல்பியா, கம்பெனியா: ஒப்பந்த வேலை செய்பவர் வரிக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி

வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஒப்பந்த வேலை எடுக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, ஒரு பிரைவேட் லிமிடெட் போட்டுடலாமா? வரி கம்மியாகும்னு சொல்றாங்களே."

நான் கோவையில் டை காஸ்டிங் டைகளுக்கும் (உலோகத்தை வார்க்கும் அச்சுகள்) பிளாஸ்டிக் மோல்டுகளுக்கும் டிசைன் செய்து கொடுக்கிறவன். குறிச்சி சிட்கோவில் சில வாடிக்கையாளர்கள், ஓசூரில் சிலர், வெளிநாட்டிலிருந்து அவ்வப்போது ஒரு வேலை. நான் ஆடிட்டர் இல்லை. ஆனால் வருடா வருடம் என் ஆடிட்டர் மேடத்தோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: இன்ஜினியர், ஐடி, ஆர்க்கிடெக்ட் மாதிரியான வேலையில் இருக்கிற பெரும்பாலானோருக்கு, எதையும் ரிஜிஸ்டர் செய்யாமல் சொந்த பான் எண்ணிலேயே தொழில் செய்வதுதான் வரி குறைவு. யாருக்கு அது பொருந்தாது, எப்போது மாற வேண்டும் என்பதையும் எண்களோடு எழுதுகிறேன்.

இங்கே வரும் கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி போட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, பிரிவு எண்களும் மாறிவிட்டன. ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் எல்லோரும் பழைய எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

முதலில் மூன்று எண்களை எழுதுங்கள்

ஒன்று, வருடத்துக்கு எவ்வளவு பில் போடுவீர்கள், ஜிஎஸ்டி சேர்க்காமல். இரண்டு, தொழிலுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்: மென்பொருள் லைசென்ஸ், கம்ப்யூட்டர், வாடகை, வெளியே கொடுக்கும் வேலை, பயணம். மூன்று, வீட்டுச் செலவு, கடன் தவணை, சேமிப்பு எல்லாவற்றுக்குமாக எவ்வளவு பணத்தை உங்கள் கைக்கு எடுத்தாக வேண்டும்.

முதல் இரண்டையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. கம்பெனி லாபமா நஷ்டமா என்பதே அந்த மூன்றாவது எண்ணில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சொந்தப் பெயரில்: 44ஏடிஏ

வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர், குறிப்பிட்ட சில தொழில்களில் இருந்தால், மொத்த வரவில் பாதியை வருமானம் என்று காட்டி அதற்கு மட்டும் வரி கட்டலாம். மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. பில்லை எல்லாம் அடுக்கிச் செலவை நிரூபிக்க வேண்டியதில்லை, முழுக் கணக்குப் புத்தகம் தேவையில்லை, ஆடிட்டும் இல்லை. வருமான வரி ரிட்டர்னுக்கு ஐடிஆர்-4 படிவம் போதும். வரவு வரம்பு 50 லட்சம். ரொக்கமாக வந்தது மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம். எல்லாப் பணமும் வங்கி வழியாக வருகிறவருக்கு 75 என்றே வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் உள்ள தொழில்கள்: சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம். இவற்றோடு தகவல் தொழில்நுட்பம், திரைப்படக் கலைஞர்கள், கம்பெனி செக்ரட்டரி போன்ற அறிவிக்கப்பட்ட சில.

இப்போது ஒரு கணக்கு. வருட வரவு 36 லட்சம், உண்மையான செலவு 4 லட்சம்.

44ஏடிஏ படி வருமானம் 18 லட்சம். புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, பிறகு 15, பிறகு 20 என்று ஏறும். 20,000 + 40,000 + 60,000, அப்புறம் 16 முதல் 18 லட்சம் வரை 40,000. மொத்தம் 1,60,000, 4 சதவீத செஸ் சேர்த்து 1,66,400 ரூபாய்.

இதே ஆள் பிரைவேட் லிமிடெட் வைத்திருந்தால்? அங்கே பாதி கழிவு கிடையாது. 4 லட்சம் செலவோடு ஆடிட், ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) தாக்கல் எல்லாவற்றுக்கும் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 31 லட்சத்தையும் டைரக்டர் சம்பளமாக எடுத்தால், 75,000 நிலையான கழிவு போக 30.25 லட்சத்துக்கு வரி. அது 5,07,000 ரூபாய். அதாவது 3.4 லட்சம் கூடுதல். கம்பெனி வைத்தால் வரி மிச்சம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதில்லை.

வரவு 24 லட்சம் என்றால் இன்னும் நல்லது. பாதி 12 லட்சம். 12 லட்சம் வரை மொத்த வருமானம் உள்ளவருக்கு 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். மாதம் 2 லட்சம் பில் போடுகிற டிசைனர், வேறு வருமானம் எதுவும் இல்லாவிட்டால், வருமான வரியே கட்டாமல் சட்டப்படி இருக்கலாம். இதைவிட நல்ல அமைப்பை யாரும் உங்களுக்கு ரிஜிஸ்டர் செய்து தர முடியாது.

இதில் ஒரு குறையும் உண்டு. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி பார்ப்பது ஐடிஆரில் உள்ள வருமானத்தை, பில் தொகையை இல்லை. 36 லட்சம் பில் போட்டாலும் அவர்கள் கணக்கில் நீங்கள் 18 லட்சம் ஆள்தான். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் பெரிய கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஆடிட்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பழைய வரி முறையா, புதியதா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். 18 லட்சம் வருமானத்தில் பழைய முறை புதியதை வெல்ல வேண்டுமானால் 80சி சேமிப்பு, வீட்டுக் கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 6.4 லட்சத்துக்கு மேல் கழிவு வேண்டும். அவ்வளவு யாரிடமும் சாதாரணமாக இருக்காது. இன்னொன்று, தொழில் வருமானம் உள்ளவர் சம்பளக்காரர் மாதிரி வருடா வருடம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போனால், புதிய முறைக்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்புதான். யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு பில்லை உடைத்துப் பார்க்கலாம்

வரவு என்றால் வங்கியில் விழுந்த தொகை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு டை டிசைனுக்கு நான் போடும் பில் இப்படி இருக்கும்: டிசைன் கட்டணம் 1,00,000, ஜிஎஸ்டி 18,000, மொத்தம் 1,18,000. வாடிக்கையாளர் தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவின்படி டிசைன் கட்டணத்தின் மீது 10 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார். ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன் மீது டிடிஎஸ் பிடிக்கக் கூடாது. என் வங்கிக்கு வருவது 1,08,000. அதில் 18,000 அரசுக்குப் போக வேண்டியது. ஆனால் என் வருமான வரிக் கணக்கில் வரவு 1,00,000. பிடித்த 10,000 நான் முன்கூட்டியே கட்டிய வரி, வரித்துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் என் பான் எண்ணுக்கு நேராக உட்கார்ந்திருக்கும்.

36 லட்சம் வரவுக்கு இப்படிப் பிடிப்பது 3.6 லட்சம். கட்ட வேண்டிய வரி 1,66,400தான். மீதி ஏறக்குறைய 1.94 லட்சம் ரீஃபண்டாக வரும், ஆனால் ரிட்டர்ன் போட்ட பிறகுதான். அது வரை உங்கள் பணம் அரசிடம் முடங்கிக் கிடக்கும். இதைத் தவிர்க்க 197ஆம் பிரிவில் வழி இருக்கிறது: வருட ஆரம்பத்திலேயே விண்ணப்பித்துக் குறைந்த விகிதத்தில் டிடிஎஸ் பிடிக்கச் சான்றிதழ் வாங்கலாம். வரவு கொஞ்சம் நிலையாக இருப்பவர்கள் கட்டாயம் இதைச் செய்யுங்கள். ஒர்க்ஸ்டேஷனுக்குத் தவணை கட்டுகிற வருடத்தில் இந்த இரண்டு லட்சம் பெரிய விஷயம்.

வாடிக்கையாளர் தவறிப்போய் 194சி படி ஒப்பந்தக்காரர் என்று ஒரு சதவீதம் மட்டும் பிடித்தால், பில்லைப் பார்த்து உடனே பேசுங்கள். 26ஏஎஸ்ஸில் சிலது 194ஜே, சிலது 194சி என்று கலந்து கிடந்தால், நீங்கள் செய்வது தொழில்முறைச் சேவையா வியாபாரமா என்ற கேள்வி தேவையில்லாமல் எழும். என் எல்லா பில்லிலும் "இன்ஜினியரிங் டிசைன் கட்டணம்" என்றே எழுதுகிறேன். "லேபர் சார்ஜ்" என்று ஒருபோதும் எழுதுவதில்லை. பர்ச்சேஸ் ஆர்டரிலும் அதே சொல் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

டிடிஎஸ் போதாமல் வரி பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரும் என்றால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். 44ஏடிஏவில் இருப்பவருக்கு நான்கு தவணை கிடையாது, மார்ச் 15க்குள் ஒரே தடவையில் கட்டினால் போதும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் மட்டும் உள்ளவர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். உங்களுக்காக டிடிஎஸ் பிடிக்க அங்கே யாரும் இல்லை.

பட்டியலில் இல்லாதவர்களும், செலவு அதிகம் உள்ளவர்களும்

கன்டென்ட் எழுதுகிறவர், டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறவர், புகைப்படக்காரர் போன்றவர்களின் தொழில் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. வியாபாரமாக நடத்துகிறவருக்கு 44ஏடி என்று இன்னொரு பிரிவு உண்டு: வங்கி வழி வரவில் 6 சதவீதம், ரொக்க வரவில் 8 சதவீதம் வருமானம் என்று காட்டலாம். வரம்பு 2 கோடி, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி. 6 சதவீதம் என்றதும் ஆசை வரும். கமிஷன், புரோக்கரேஜ் வருமானத்துக்கும், மேலே சொன்ன பட்டியல் தொழில்களுக்கும் இது கிடையாது. இன்ஜினியரிங் டிசைன் செய்துகொண்டு 44ஏடியில் 6 சதவீதம் காட்டுவது அழைத்து வாங்கும் நோட்டீஸ். தவிர, 44ஏடியில் ஒரு வருடம் காட்டிவிட்டு இடையில் வெளியேறினால் ஐந்து வருடத்துக்குத் திரும்பி வர முடியாது. 44ஏடிஏவில் அந்தப் பூட்டு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு "மாறினா மாட்டிக்குவோம்" என்று பயப்படுகிறவர்கள் நிறைய.

உங்கள் செலவு உண்மையிலேயே பாதிக்கு மேல் என்றால் கதை வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் டிசைனை எடுத்துக்கொண்டு அனாலிசிஸ் வேலையையும் 3டி பிரிண்டிங்கையும் வெளியே கொடுத்துவிடுவார். 40 லட்சம் வரவில் 26 லட்சம் அப்படியே போய்விடும். அவர் 20 லட்சத்தை வருமானமாகக் காட்டுவதில் அர்த்தம் இல்லை. அவர் முழுக் கணக்கு எழுதி, ஆடிட் செய்து 14 லட்சம் அல்லது அதற்கும் கீழே காட்டுவதுதான் சரி. பாதிக்குக் குறைவாகக் காட்டினால், வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால், ஆடிட் கட்டாயம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

75 லட்சத்தில் ஒரு பள்ளம்

வரவு சரியாக 75 லட்சம் என்றால் 44ஏடிஏ படி வருமானம் 37.5 லட்சம், வரி 7,33,200 ரூபாய். மொத்த வரவில் பத்து சதவீதம்கூட இல்லை.

வரவு 76 லட்சம், உண்மையான செலவு 10 லட்சம் என்று வையுங்கள். இப்போது 44ஏடிஏ கிடையாது. 66 லட்சம் வருமானம். 50 லட்சத்தைத் தாண்டியதால் வரியின் மீது 10 சதவீத சர்சார்ஜும் ஏறும். வரி 17,84,640 ரூபாய். ஒரு லட்சம் கூடுதலாகச் சம்பாதித்ததற்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கூடுதல் வரி. இதோடு ஆடிட்டும்.

அதனால் ஒவ்வொரு ஜனவரியிலும் அது வரை போட்ட பில்லைக் கூட்டிப் பாருங்கள். 60 லட்சத்தைத் தாண்டியிருந்தால் ஆடிட்டரிடம் போங்கள். போட வேண்டிய பில்லை மறைக்கச் சொல்லவில்லை, அது ஏஐஎஸ் என்ற வரித்துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் பிப்ரவரியில் ஆரம்பிக்கக் கேட்கும் புது வேலையை ஏப்ரலில் ஆரம்பிக்கலாமா என்று வாடிக்கையாளரிடம் கேட்பதில் தப்பே இல்லை. அச்சு தயாரிக்கும் டூல் ரூமில் மெஷின் காலியாக இல்லாதபோது அவர்களுக்கும் அது சௌகரியமே.

ஒரு வருடம் மட்டும் தாண்டினால் அந்த வருடத்துக்கு ஆடிட் செய்துவிட்டு அடுத்த வருடம் திரும்பி வரலாம். தொடர்ந்து 80, 90 லட்சம் வரும் என்று தெரிந்தால் அப்போதுதான் கம்பெனியைப் பற்றிப் பேச வேண்டும்.

கம்பெனி எப்போது லாபம்

115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்த உள்நாட்டு கம்பெனிக்கு 22 சதவீத வரி, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள்: "எனக்கு 30, கம்பெனிக்கு 25." ஆனால் அந்த 25ஐக் கட்டிய பிறகும் பணம் கம்பெனியுடையதே. உங்கள் கைக்கு அது டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்குக் கொடுக்கும் லாபமாக, வர வேண்டும். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு வாங்குகிறவரே தன் விகிதத்தில் வரி கட்ட வேண்டும்.

வரவு 90 லட்சம், செலவு 10 லட்சம் என்று எடுத்துக்கொள்வோம். சொந்தப் பெயரில் என்றால் 80 லட்சம் வருமானம், வரி 22.65 லட்சம். கம்பெனி என்றால் கூடுதல் செலவு 1.5 லட்சம். நீங்கள் 24.75 லட்சம் சம்பளம் எடுத்தால் அதற்கு வரி 3.12 லட்சம். மீதி 53.75 லட்சம் லாபத்துக்குக் கம்பெனி வரி 13.53 லட்சம். இரண்டும் சேர்ந்து 16.65 லட்சம். ஆறு லட்சம் மிச்சம்!

ஆனால் கம்பெனியில் நிற்கும் அந்த 40 லட்சத்தையும் அதே வருடம் டிவிடெண்டாக எடுத்தால் மொத்த வரி 30.8 லட்சத்தைத் தொடும். சொந்தப் பெயரில் கட்டியிருக்க வேண்டியதைவிட எட்டு லட்சம் அதிகம்.

இதனால்தான் அந்த மூன்றாவது எண்ணை முதலிலேயே எழுதச் சொன்னேன். சம்பாதிப்பதில் பெரும்பகுதியை வீட்டுக்கு எடுப்பவருக்குக் கம்பெனி நஷ்டம். பணத்தைக் கம்பெனியிலேயே விட்டு ஆள் எடுக்க, மெஷின் வாங்க, அடுத்த இரண்டு வருடத்தில் ஒரு சின்ன டூல் ரூம் போட என்று திட்டம் வைத்திருப்பவருக்குக் கம்பெனி லாபம். டைரக்டர் சம்பளம் வாங்குகிறவருக்கு கம்பெனி கட்டும் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பங்கில் சம்பளத்தின் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழிவு உண்டு. இது தனியாளுக்குக் கிடைக்காத சலுகை.

டிவிடெண்டாக எடுக்காமல் கடனாக எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பத்து சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருப்பவருக்கு இப்படிப்பட்ட சின்ன கம்பெனி கொடுக்கும் கடன், 2(22)(இ) பிரிவின்படி டிவிடெண்டாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

கம்பெனிக்கு வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆடிட் கட்டாயம். ஆர்ஓசிக்கு வருடா வருடம் ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ தாக்கல், டிடிஎஸ் பிடிக்க டான் எண், சம்பளத்துக்கு டிடிஎஸ், காலாண்டு ரிட்டர்ன் எல்லாம் உண்டு. ஒரு நபர் கம்பெனி, அதாவது ஓபிசி, இந்தப் பளுவைக் கொஞ்சம் குறைக்கும். வரி விகிதம் மட்டும் அதேதான்.

எல்எல்பி, பார்ட்னர்ஷிப்

இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொழில் செய்யும்போது எல்எல்பி, அதாவது பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம், நினைவுக்கு வரும். எல்எல்பிக்கு நேராக 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. 44ஏடிஏ எல்எல்பிக்குக் கிடையாது. பார்ட்னருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கழிக்கலாம்: லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இதில் எது அதிகமோ அது, மீதியில் 60 சதவீதம் வரை. வரி கட்டிய பிறகு பிரித்துக்கொள்ளும் லாபத்துக்கு மறுபடி வரி இல்லை என்பது கம்பெனியைவிட நல்லது.

அதே 36 லட்சம் வரவு, செலவு 5 லட்சம், இரண்டு பார்ட்னர்கள் என்றால் 20.4 லட்சம் சம்பளமாகப் போகும். ஆளுக்கு 10.2 லட்சம் என்பதால் அவர்களுக்கு வரி இல்லை. மீதி 10.6 லட்சத்துக்கு எல்எல்பி கட்டுவது 3,30,720 ரூபாய். சரி, அதே இரண்டு பேரும் எல்எல்பி இல்லாமல், அவரவர் செய்த வேலைக்கு அவரவர் பில் போட்டால்? ஆளுக்கு 18 லட்சம் வரவு, 9 லட்சம் வருமானம், வரி பூஜ்யம்.

சாதாரண பார்ட்னர்ஷிப்புக்கு 44ஏடிஏ உண்டு. ஆனால் அங்கேயும் வருமானத்துக்கு நேராக 30 சதவீதம், பார்ட்னர் சம்பளத்தை அதற்கு மேல் கழிக்கவும் முடியாது. 36 லட்சம் வரவுக்கு 5,61,600 ரூபாய் வரி. வரிக்காக மட்டும் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எல்எல்பி எப்போது சரி? ஒரே வேலையை இரண்டு மூன்று பேர் பிரிக்க முடியாமல் சேர்ந்து செய்யும்போது, லாபத்தை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்போது, தனிச் சொத்துக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்கிறபோது. வரவு 40 லட்சத்தையும் மூலதனம் 25 லட்சத்தையும் தாண்டாத வரை எல்எல்பி சட்டப்படி ஆடிட் இல்லை என்பதும் ஒரு வசதி.

குடும்பத்தில் பிரித்துக் காட்டுவது

மனைவி பெயரில் பாதி பில் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அவர் அந்த வேலையை உண்மையில் செய்தால் போடலாம். செய்யாமல் பெயர் மட்டும் என்றால் அது உங்கள் வருமானமே. உங்கள் கம்பெனியில் அவருக்குச் சம்பளம் கொடுத்தாலும், அவருக்குத் தொழில்நுட்பத் தகுதி இருந்து அந்தத் தகுதிக்காகவே சம்பளம் என்று காட்ட முடியாவிட்டால், 64ஆம் பிரிவு அதை உங்கள் வருமானத்தோடு சேர்த்துவிடும். இந்துக் கூட்டுக் குடும்பம், அதாவது எச்யுஎஃப், வாடகை வருமானத்துக்கும் முதலீட்டுக்கும் சரி. உங்கள் மூளையையும் கையையும் வைத்துச் சம்பாதித்த கட்டணத்தை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.

ஒரே வாடிக்கையாளர் என்றால் கவனம்

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம், குறிப்பாக ஐடியில் இருப்பவர்களுக்கு. நேற்று வரை சம்பளம் கொடுத்த அதே நிறுவனம், இன்று "கன்சல்டன்டா வாங்க" என்கிறது. அதே சீட், அதே லேப்டாப், அதே மேனேஜர், லீவுக்கு அதே அனுமதி. மாறியது பேப்பர் மட்டும். இப்படிப்பட்ட உறவை வரித்துறை சம்பள உறவு என்று பார்த்தால் 44ஏடிஏ போய்விடும், பழைய வருடங்களுக்கும் சேர்த்து. கம்பெனி ரிஜிஸ்டர் செய்தால் இது சரியாகிவிடும் என்று நினைப்பதும் தப்பு.

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலை முடிவுக்குப் பணமா, உட்கார்ந்த நேரத்துக்குப் பணமா? தவறு வந்தால் உங்கள் செலவில் திருத்திக் கொடுக்க வேண்டுமா? வேறு வாடிக்கையாளருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா? சாப்ட்வேர் லைசென்ஸ் யாருடையது? என் ஒப்பந்தங்களில் ஒவ்வொரு டைக்கும் தனி விலை, தனி டெலிவரி தேதி, என் தவறுக்கு நானே ரீவொர்க் என்று எழுதியிருக்கும். இரண்டாவது வாடிக்கையாளர் ஒருவரைச் சின்ன வேலைக்காவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி, எக்ஸ்போர்ட், எம்எஸ்எம்இ

இவை எந்த அமைப்பாக இருந்தாலும் ஒன்றேதான், அதனால் சுருக்கமாக. சேவைக்கு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வெளிநாட்டு வரவும் அந்த 20 லட்சத்தில் சேரும். பதிவு செய்த பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யுடி என்ற உறுதிமொழி கொடுத்தால், எக்ஸ்போர்ட் பில்லுக்கு வரி சேர்க்காமல் அனுப்பலாம். 44ஏடிஏவில் இருந்தாலும் கம்ப்யூட்டர், சாப்ட்வேர் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட் உண்டு, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 1,50,000 ரூபாய் ஒர்க்ஸ்டேஷனில் 27,000 ரூபாய். உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தே பில் வாங்குங்கள்.

எம்எஸ்எம்இக்கான (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) உத்யம் பதிவு இலவசம், தனியாளும் செய்யலாம். பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், பணம் கொடுக்காத வாடிக்கையாளருக்கு அந்தச் செலவைக் கொடுத்த வருடத்தில்தான் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் பாக்கி கேட்கும்போது உத்யம் எண் அச்சிட்ட பில் நமக்காகப் பேசும்.

வரியைத் தாண்டி ஒரு காரணம்

டையில் ஒரு கோர் பின் தவறான இடத்தில் வந்தால் வாடிக்கையாளருக்கு ஆகும் நஷ்டம் என் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. சொந்தப் பெயரில் தொழில் செய்தால் அந்தப் பொறுப்பு என் வீடு வரை வரும். இதற்காகக் கம்பெனி போடுவது நியாயமான காரணம். ஆனால் அதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் "பொறுப்பு, பெற்ற கட்டணத் தொகையைத் தாண்டாது" என்ற வரியைச் சேர்த்துப் பாருங்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் எடுக்கலாம். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அந்த வரிக்கு ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத வேலை பெரிய வேலை என்றால், அதற்கு மட்டும் கம்பெனி வழியாகப் போவதை யோசிக்கலாம். கம்பெனி இல்லாவிட்டால் வெண்டர் கோடே தர மாட்டோம் என்கிற பெரிய வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தரும் வேலையின் லாபம் கூடுதல் வரியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

மாறுவது என்று முடிவெடுத்தால் ஏப்ரல் 1 முதல் மாறுங்கள். வருட நடுவில் மாறினால் ஒரே வருடத்துக்கு இரண்டு கணக்கு, இரண்டு விதமான டிடிஎஸ், வாடிக்கையாளர்களின் அக்கவுன்ட்ஸ் ஆட்களோடு முடிவில்லாத போன் பேச்சு. ஜனவரியில் பெயருக்கு விண்ணப்பித்து, பிப்ரவரிக்குள் பான், டான், வங்கிக் கணக்கு, புது ஜிஎஸ்டி எண் எல்லாம் வாங்கிவிடுங்கள். மார்ச் மாதம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, பர்ச்சேஸ் ஆர்டரைப் புதிய பெயருக்கு மாற்றி வாங்குங்கள். பழைய பெயரில் முடித்த வேலைக்கான பில்லை மார்ச் 31க்குள் போட்டுவிடுங்கள். சாப்ட்வேர் லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தால் விற்பனையாளரிடம் பேசி கம்பெனி பெயருக்கு மாற்றுங்கள், சிலர் இதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். பழைய ஜிஎஸ்டி எண்ணை ரத்து செய்த பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட வேண்டும். இதைப் பலர் விட்டுவிட்டு அப்புறம் நோட்டீஸ் வாங்குகிறார்கள். ரத்து உத்தரவு வந்த அன்றே ஆடிட்டருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.